சி. வி. இராமனின் ஒலியியல் ஆய்வுகள்

சி. வி. இராமன் (நவம்பர் 7, 1888 – நவம்பர் 21, 1970) திருச்சிராப்பள்ளியில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற இவர், அதற்கு முன்பே ஒலியியலில் பெயர் பெற்றிருந்தார். 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராகச் சேர்ந்தவர், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வயலின், வீணைத் தந்திகளின் அதிர்வுகளை ஆராய்ந்தார்.

சாதாரணத் தோற்கருவியில் எழும் மேற்சுரங்களின் அதிர்வெண்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அதனால் தெளிவான சுரம் கேட்பதில்லை. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்கு என்பதை 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் இராமன் எழுதினார். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இடப்படும் 'சோறு' எனும் கரும்பசையின் எடை, மேற்சுரங்களை ஏறத்தாழ முழு மடங்குகளாக்குகிறது. 1934இல் இதனை மேலும் விரிவாக விளக்கினார். கருவி செய்வோர் செவியாலும் கைப்பழக்கத்தாலும் கண்ட நுட்பத்துக்கு இவ்வாறு இயற்பியல் விளக்கம் கிடைத்தது.