அந்தமான் மூலிகை ஆய்வு

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேர் என்று அறியப்பட்டு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய தலைநகரின் புறநகர்ப் பகுதி புரோத்ராபூர். தீவுகளின் மாவட்டச் சிறை இங்கே இருக்கிறது. அடுத்துள்ள டாலிகஞ்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையமும், காராசர்மாவில் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. தீவுகளின் பச்சிலைகளை அரைத்து, வடித்து, கிருமிமேல் ஊற்றிப் பார்க்கும் வேலை பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நடந்துவருகிறது. சிறையும் ஆய்வகமும் அக்கம்பக்கத்தில் அமைந்தது தற்செயல். ஆனால் அந்தமானில் முதன்முதலில் ஒரு தாவர மருந்து முறையாகச் சோதிக்கப்பட்டது கைதிகளின் உடம்பில்தான்.

தீவுகளில் சுமார் 2,500 வகைப் பூக்கும் தாவரங்கள் வளர்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலீசு, நிக்கோபாரியர், ஷொம்பென் என ஆறு பழங்குடிகள் இங்கே உண்டு. இவர்களுள் எவருக்கும் மருத்துவ ஏடு கிடையாது. சித்த மருத்துவத்தை ஆராய வருபவருக்குச் சுவடியும் பாட்டும் நிகண்டும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் இன்னொரு சுவடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தமானில் ஆராய வருபவர் ஒரு மனிதரிடம்தான் கேட்டாக வேண்டும். அவர் இறந்தால் நூலகமே போயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓங்கேகள் 101 பேர்.

1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபின், மூலைக்கு மூலை நின்ற குர்ஜன் மரங்கள் ஆங்கிலேயரின் கண்ணில் பட்டன. அடிமரத்தில் குழி வெட்டித் தீ காட்டினால் பிசினெண்ணெய் வடியும். படகுக்கும் மரச்சாமானுக்கும் பூசப்பட்டு வந்த இந்த எண்ணெயை, போர்ட் பிளேரில் மருத்துவ அதிகாரியாக இருந்த ஜோசப் டூகல் 1873வாக்கில் தொழுநோய்க் கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எண்ணெயைச் சுண்ணாம்புத் தெளிநீரோடு குலுக்கி, உள்ளுக்கும் கொடுத்தார், மேலுக்கும் தேய்க்க வைத்தார். காலையும் மாலையும் நோயாளிகளே மணிக்கணக்கில் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. புண் ஆறியது, மரத்துப்போன தோலில் உணர்ச்சி திரும்பியது, நடமாட முடியாதவர்கள் வேலைக்குப் போனார்கள் என்று அவர் அறிக்கை எழுதினார். அரசாங்கம் அதை நாடெங்கும் அனுப்பியது. சென்னை மாகாண மருத்துவமனைகளில் குர்ஜன் எண்ணெயைப் பயன்படுத்திய அனுபவம் 1876இல் தனி அறிக்கையாகவே அச்சாயிற்று.

அந்தப் பரபரப்பு நீடிக்கவில்லை. வேறு இடங்களில் அதே அளவு பலன் கிடைக்கவில்லை, எண்ணெய் மெல்ல வழக்கொழிந்தது. டூகல் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை. தினமும் குளியல், சுத்தம், உடம்பு முழுக்கத் தேய்ப்பு, ஒழுங்கான கவனிப்பு என்று எண்ணெயோடு சேர்ந்து வேறு பலவும் அந்தக் கைதிகளுக்குக் கிடைத்தன. இவையெல்லாம் பெற்று, எண்ணெய் மட்டும் பெறாத இன்னொரு குழுவை அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஆறிய புண்ணுக்குக் காரணம் எண்ணெயா, குளியலா என்று சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வேயில் ஆர்மவர் ஹான்சன் கண்டதும் அதே 1873இல்தான்; அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அந்தக் காலத்தில் தெரியாது என்றும் சாக்குச் சொல்ல முடியாது. 1866 முதல் 1868 வரை, சென்னை மாகாணத்தின் சின்கோனா ஆணையம் அந்த மரப்பட்டையின் நான்கு ஆல்கலாய்டுகளையும் தனித்தனியே மலேரியா நோயாளிகளிடம் சோதித்தது. மொத்தம் 3,600 பேர். காய்ச்சல் நின்றதா என்ற ஒரே கேள்வி. நான்கும் 98 விழுக்காட்டுக்கு மேல் பலித்தன. விலை உயர்ந்த குயினைனுக்கு அதன் மலிவான உடன்பிறப்புகள் பெரிதாகச் சளைத்தவையல்ல என்று தெரிந்தது. பின்னாளில் உலகமே குயினைனைப் பிடித்துக்கொண்டது வேறு கதை. இதே சின்கோனா ஆல்கலாய்டுகளை 1880வாக்கில் அந்தமான் கைதிகளுக்குக் கட்டாயமாகக் கொடுத்துப் பார்த்ததாக, பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து லண்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் 2001இல் எழுதியது. சம்மதம் என்ற சொல்லுக்கு அன்றைய சிறையில் இடமே இல்லை.

கைதிகளை மருத்துவர்கள் சோதித்துக்கொண்டிருந்தபோது, காட்டை வேறு சிலர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாத் தாவரவியலாளர் சுல்பிஸ் குர்ஸ் 1866இல் வந்து தீவுகளின் செடிகொடிகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அதிகாரியாக இருந்த எட்வர்டு ஹொரேஸ் மேன் 1880களில் அந்தமானியரின் வாழ்க்கையை எழுதும்போது அவர்களது வைத்தியத்தையும் சேர்த்தார். குக்மா என்று அவர்கள் அழைத்த டிரைகோனோஸ்டெமான் செடியின் இலையைக் காய்ச்சலுக்குப் பயன்படுத்தியது அப்படித்தான் வெளியுலகுக்குத் தெரியும். 1922இல் வெளியான ராட்கிளிஃப்-பிரவுனின் நூலிலும் அந்த இலை வருகிறது. எந்த இலை, எந்த நோய் என்ற பட்டியல் வளர்ந்ததே தவிர, இலைக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது எவரும் பார்க்கவில்லை.

பார்க்கும் வழக்கம் நிலப்பரப்பில் உருவானது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா நாட்டு மருந்துகளை விலங்குகளின் இதயத்திலும் குடலிலும் முறையாகச் சோதித்து 1933இல் பெருநூல் வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, சர்ப்பகந்தா வேரிலிருந்து சலிமுஸ்ஸமான் சித்திகி ஆல்கலாய்டுகளைப் பிரித்திருந்தார். அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுத, மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1951இல் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. இந்தியத் தாவரங்களை நூற்றுக்கணக்கில் ஒரே வரிசையில் நிறுத்திச் சோதித்த அதன் முடிவுகள் 1968 முதல் தொடராக வெளிவந்தன.

தீவுகளில் நிறுவனங்கள் பின்னால்தான் வந்தன. தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் கிளை 1972இலும், காராசர்மா வேளாண் நிறுவனம் 1978இலும், டாலிகஞ்ச் மருத்துவ மையம் 1983இலும் அமைந்தன. முதலாவது இல்லாமல் மற்ற இரண்டுக்கும் வேலை இல்லை. எந்தச் செடியைச் சோதித்தோம் என்பதற்கு உலர்த்தி ஒட்டிய மாதிரி ஒன்று தாவரச் சேகரிப்பில் இருந்தால்தான் பிறகு வருபவர் அதே செடியைத் தேடிப் பிடிக்க முடியும்.

1980களில் வெளிவந்த ஓங்கேத் தேன் ஆராய்ச்சி இத்துறையில் தனி இடம் பெறுவது. ஓங்கேகள் புகை போடாமல் மலைத்தேனீக் கூட்டில் கை வைப்பவர்கள். ஏலக்காய்க் குடும்பத்துச் செடியான அமோமம் அக்யூலியேட்டத்தின் தண்டை மென்று, சாற்றை உடம்பில் பூசிக்கொண்டு, வாயில் மிஞ்சியதைக் கூட்டின்மேல் உமிழ்வார்கள். தேனீக்கள் கொட்டாமல் விலகிப் பறக்கும். ஜாரவாக்கள் இதே வேலைக்கு ஓரோபியா என்னும் சீத்தாக் குடும்பத்து மரத்தின் இலையைக் கையாள்கிறார்கள். மருந்தின் பலனை அறிய ஆய்வகம் வேண்டும். இதன் பலனை மரத்தின்மேல் நிற்பவர் அந்த நொடியிலேயே தெரிந்துகொள்கிறார். செடியின் உயிரியல் செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

டாலிகஞ்ச் மையத்தோடு தொடர்புடைய தேப்பிரசாத் சட்டோபாத்யாய் குழுவினரின் கட்டுரைகள் 2000க்குப் பின் வரிசையாக வந்தன. அவர்கள் அதிகம் உழைத்தது இரண்டு மரங்களில். ஒன்று, நம் ஏழிலைப்பாலையின் உறவான ஆல்ஸ்டோனியா மேக்ரோஃபில்லா. மற்றது மல்லோட்டஸ் பெல்டேட்டஸ். கபிலப்பொடி தரும் மரத்தின் இனம், வயிற்றுக் கோளாறுக்கும் தோல் தொற்றுக்கும் ஓங்கேகள் பயன்படுத்துவது. வேலை நடக்கும் விதம் எளியது. நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து மெத்தனாலில் ஊற வைப்பார்கள். வடித்த சாறு கிருமி வளரும் தட்டில் விடப்படும். சாற்றைச் சுற்றி எவ்வளவு தூரம் கிருமி வளராமல் நிற்கிறது என்று அளப்பார்கள். பிறகு எந்த அளவு நீர்க்கும் வரை கிருமி தடைபடுகிறது என்று பார்ப்பார்கள். அதில் தேறினால் சாறு கூறுகூறாகப் பிரிக்கப்படும். கடைசியில் ஒற்றை வேதிப்பொருள் கையில் நிற்க வேண்டும். ஆல்ஸ்டோனியாச் சாறு எலிகளிடம் வீக்கத்தையும் காய்ச்சலையும் குறைத்தது. மல்லோட்டஸ் இலையோ ஹெர்பிஸ் வைரசைத் தடுத்தது. அதற்குக் காரணமாகப் பிரித்தெடுத்த பொருள் உர்சாலிக் அமிலம். இது துளசியிலும் ஆப்பிள் தோலிலும் இருப்பதுதான். காட்டு மரத்தைத் தேடிப் போய் வீட்டு முற்றத்துச் சரக்கைக் கண்டெடுப்பது இத்துறையில் அடிக்கடி நடப்பது.

இன்னும் ஒரு படி மேலே போனது 2013 ஆய்வு. நம் ஊர்க் கீரிப்புரந்தானின் இனமான ஓபியோரைசா நிக்கோபாரிக்கா, நிக்கோபார்த் தீவுகளுக்கே உரிய சிறு செடி. அதிலிருந்து பிரித்த இண்டோல் ஆல்கலாய்டு ஒன்று ஹெர்பிஸ் வைரசின் பெருக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுப்பதைச் செல்களிலும், பின் நோய் தொற்றவைத்த சுண்டெலிகளிலும் காட்டினார்கள். பெரும்பாலான மூலிகைக் கட்டுரைகள் தட்டோடு நின்றுவிடும் நிலையில், சுண்டெலி வரை போனதே பெரிய தூரம்.

எலிக்காய்ச்சல் இத்தீவுகளின் சொந்தக் கவலை. 1931இலேயே டெய்லரும் கோய்லும் அந்தமானில் இந்நோய் இருப்பதை எழுதினர். நீண்ட மறதிக்குப்பின் 1990களில், மழைக்காலந்தோறும் வந்து நுரையீரலில் இரத்தம் கசியச் செய்த ‘அந்தமான் காய்ச்சல்’ அதுதான் என்று டாலிகஞ்ச் மையம் கண்டறிந்தது. எனவே நிக்கோபாரிய வைத்தியர்கள் கையாளும் செடிகளை லெப்டோஸ்பைரா கிருமிக்கு எதிராக அம்மையம் சோதித்தது இயல்பானது. இஞ்சிக் குடும்பத்து போஸன்பெர்ஜியா ரோட்டண்டாவும், தீவுக்கே உரிய கிளிப்டோபெட்டலம் கலோகார்ப்பமும் ஆய்வகத்தில் பலன் காட்டின. இரண்டாவது செடிக்கு முதலில் பெயர் சூட்டியவர் அதே சுல்பிஸ் குர்ஸ். பெயர் வைத்ததற்கும் பயன் பார்த்ததற்கும் இடையே நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

காராசர்மாவின் பங்கு பெரும்பாலும் நோனி. நிக்கோபாரில் லோராங் என்று அழைக்கப்படும் இது நம் நுணாவின் பெரிய காய் காய்க்கும் உறவு. வகைகளைச் சேகரித்து, சத்துகளை அளந்து, பயிராக்கும் முறையை வகுத்தார்கள். தீவுச் செடிகளுள் கடை அலமாரிக்கு வந்தது இது ஒன்றுதான். அதுவும் மருந்தாக அல்ல, பழச்சாறாக. புட்டியின்மேல் அச்சிடப்படும் நோய்ப் பட்டியலுக்கும் ஆய்வகம் காட்டியதற்கும் உள்ள இடைவெளி பெரிது. தீவுப் பழங்குடியினர் சொன்ன செடிகளிலிருந்து ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இதுவரை வரவில்லை.

தட்டிலிருந்து வார்டுக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சென்னையே சான்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, கீழாநெல்லிப் பொடியை மஞ்சட்காமாலை பி வைரசைச் சுமப்பவர்களுக்கு முப்பது நாள் கொடுத்து 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. டூகலிடம் இல்லாத ஒப்பீட்டுக் குழு இங்கே இருந்தது. இருந்தும் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் அதே பலனைத் தரவில்லை. மண், பறிக்கும் பருவம், கீழாநெல்லி என்ற பெயரில் உலவும் பல இனங்கள் என்று காரணம் தேடினார்கள். கேள்வி இன்னும் முடியவில்லை.

சொத்துத் தகராறும் தீவுக்கு வந்தது. 1990களின் நடுவில், ஓங்கேகள் காய்ச்சலுக்குக் கையாளும் செடி மலேரியாக் கிருமியைத் தடுப்பதாகத் தெரிந்ததும், அதற்குக் காப்புரிமை யார் பெயரில் என்ற சர்ச்சை ஆராய்ச்சியாளர்களுக்கு இடையிலேயே வெடித்துப் பத்திரிகைக்கு வந்தது. செடியைக் காட்டிய ஓங்கேகள் அந்தச் சண்டையில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. அதே காலத்தில் அகத்திய மலையில் நடந்தது வேறு. காணிக்காரர்கள் 1987இல் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து, திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம் அளித்தது. உரிமக் கட்டணத்திலும் உரிமைத் தொகையிலும் பாதி காணிகளுக்கு. அதைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. குறைகள் இருந்தன, காணிகளிலேயே எல்லோரும் உடன்படவில்லை. ஆனாலும் காட்டியவருக்குப் பங்கு உண்டு என்பதை முதலில் காசாக்கிக் காட்டியது அந்த ஒப்பந்தம்தான்.

மஞ்சளுக்கு அமெரிக்கா கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானபின், 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களின் மருந்துகள் அதில் ஏறின. நூலே இல்லாத ஓங்கேகளுக்கும் ஷொம்பென்களுக்கும் அந்த வேலி பயன்படாது. அவர்களுக்கு இருப்பது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம். 2023இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியபோது, ஏடுகளில் பதிவான மரபறிவைப் பயன்படுத்தும் இந்தியருக்குப் பலன்பகிர்வுக் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. ஏட்டில் ஏறாத அறிவுக்கு அந்த விலக்கு கிடையாது. எனவே ஓர் ஓங்கே காட்டும் இலையிலிருந்து நாளை யாராவது மருந்து செய்து விற்றால், சட்டப்படி காட்டியவருக்குப் பங்கு தந்தாக வேண்டும்.