செவிலியர் ஆயத்தநிலை: கேரள நிபா தொற்றின் வழி ஒரு நோக்கு

தொற்றுநோய் ஒன்று திடீரெனப் பரவும்போது தம்மையும் பிற நோயாளிகளையும் காத்துக்கொண்டே இடையறாது பணியாற்றச் செவிலியருக்குத் தேவையான அறிவும் பயிற்சியும், அவர்களுக்கு மருத்துவமனை செய்துதர வேண்டிய ஏற்பாடுகளும் சேர்ந்ததே செவிலியர் ஆயத்தநிலை எனப்படும். ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் தனியொருவரின் அறிவும் அர்ப்பணிப்பும் அவரைக் காப்பாற்றுவதில்லை என்பதைக் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் 2018 மே மாதம் பரவிய நிபா தொற்று காட்டியது.

பழந்தின்னி வௌவால்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ், காய்ச்சலில் தொடங்கி மூளை அழற்சியாகவோ மூச்சுத்திணறலாகவோ முற்றக்கூடியது. நோயாளியின் எச்சில், இருமும்போது தெறிக்கும் சளித்துளிகள் முதலியவற்றின் வழியாக, அருகிலிருந்து பணிவிடை செய்வோரையும் அது பற்றுகிறது. சிலிகுரியில் 2001இல் மருத்துவமனைகளுக்குள் பரவிய காய்ச்சல் நிபாதான் என்பது சில ஆண்டுகள் கழித்தே அறியப்பட்டது. கேரளத்திலும் தொற்றுக்குள்ளானோரில் பெரும்பாலோர் மருத்துவமனையில்தான் அதற்கு ஆளாயினர். பேராம்பிரா வட்ட மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி, நோய் இன்னதென்று உறுதியான ஓரிரு நாட்களிலேயே, மே 21 அன்று உயிரிழந்தார்.

நோய்க்குப் பெயர் தெரிவதற்கு முந்தைய இந்த நாட்களே செவிலியருக்கு மிகுந்த ஆபத்தானவை. ஆகவே நோய் எதுவாயினும் எல்லா நோயாளிகளிடத்தும் கைக்கொள்ள வேண்டிய அடிப்படைப் பாதுகாப்பு முறைகள், அதாவது ஒவ்வொரு நோயாளியையும் தொடும் முன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்தல், இருமுவோருக்கு உடனே முகக்கவசம் அளித்தல், மூளைக்காய்ச்சல் அறிகுறியுடன் வருவோரைத் தனியறைக்கு மாற்றுதல் ஆகியவை, ஆயத்தநிலையின் முதற்படியாகின்றன. ஒரே செவிலியர் ஒரு வார்டு முழுவதையும் தனித்துக் கவனிக்க நேர்ந்தால் இவை ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதால், போதிய பணியாளர் எண்ணிக்கையையும் ஆயத்தநிலையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு உடையை அணிவதைவிடக் கழற்றுவதே கடினம். வெளிப்புறத்தில் படிந்த கிருமி அப்போதுதான் கைக்கும் முகத்துக்கும் எளிதில் இடம்மாறுகிறது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் 2014இல் எபோலா நோயாளி ஒருவரைப் பராமரித்த இரு செவிலியருக்கு அந்நோய் தொற்றிய பின், உடை அணிவதையும் கழற்றுவதையும் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து கண்காணிக்க வேண்டும் என அந்நாட்டு நெறிமுறை திருத்தப்பட்டது.

நோயை விரைவில் அறிவதும் எவ்வளவு முக்கியம் என்பதைக் கேரளத்தின் பிந்தைய தொற்றுகள் காட்டின. எர்ணாகுளத்தில் 2019இல் நிபா மீண்டும் தோன்றியபோது விரைவில் கண்டறியப்பட்டதால் அது ஒரே நோயாளியோடு நின்றது, அவரும் பிழைத்தார். கோழிக்கோட்டில் 2023இலோ, முதல் நோயாளி நிபா என்று அறியப்படும் முன்பே இறந்துவிட, தொற்றியவர்களுள் மருத்துவமனைப் பணியாளர் ஒருவரும் இருந்தார்.