முற்றுப்புள்ளி மூச்சுக்கா, பொருளுக்கா?



படிவம் ஐந்து மாணவன் ஒருவன் தன் ஆங்கிலக் கட்டுரையை என்னிடம் நீட்டினான். "ஐ வாஸ் லேட்." என்று ஒரு வாக்கியம். அடுத்து, "பிகாஸ் தி ரெயின் வாஸ் ஹெவி." இரண்டாவதன் கீழே சிவப்புக் கோடு, 'முழு வாக்கியம் அல்ல' என்று குறிப்பு.

"எழுவாய் இருக்கு, வினை இருக்கு, கடைசியில புள்ளியும் வச்சிருக்கேன். அப்புறம் எப்படி டீச்சர் இது வாக்கியம் இல்ல?"

நான் தமிழ் டீச்சர். ஆனாலும் கேள்வி நியாயமானது. பதிலைத் தேடிப் போனால் அது அலெக்சாந்திரியா வரை இழுத்துக்கொண்டு போனது.

கி.மு. 200 வாக்கில் அங்கிருந்த புகழ்பெற்ற நூலகத்துக்குத் தலைவராக இருந்தவர் பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ். அக்காலக் கிரேக்கச் சுருள்களில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. வாய்விட்டுப் படிப்பவர் எங்கே நிறுத்துவார்? மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை இவர் வகுத்தார். மேல்புள்ளிதான் நீண்ட நிறுத்தம். ஆக, புள்ளி பிறந்தது படிப்பவரின் குரலுக்காக.

சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் பழக்கத்தை ஏறத்தாழ 7, 8ஆம் நூற்றாண்டுகளில் வளர்த்தவர்கள் அயர்லாந்துத் துறவிகள். அவர்களுக்கு இலத்தீன் அந்நிய மொழி. பிரித்து எழுதினால்தான் புரிந்தது. இரண்டாம் மொழி கற்பவர்கள் உலகத்துக்கே செய்த உதவி இது, பாருங்க!

மூச்சுக் கணக்கு அத்தோடு போய்விடவில்லை. 1795இல் லிண்ட்லி மரே எழுதிய ஆங்கில இலக்கணம் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடநூல். வாக்கியம் என்றால் நிறைவான பொருள் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே நூல் காற்புள்ளிக்கு ஒரு பங்கு நிறுத்தம், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு நான்கு, முற்றுப்புள்ளிக்கு எட்டு என்றும் கணக்குப் போடுகிறது. மூச்சும் பொருளும் ஒரே நூலில்! மௌன வாசிப்பு பரவிய பிறகு இலக்கணத்தின் கை மெல்ல மெல்ல ஓங்கியது. இன்று தேர்வுத்தாளைத் திருத்துபவர் பார்ப்பது அதைத்தான். நம் மாணவன் மூச்சு முடிந்த இடத்தில் புள்ளி வைத்திருக்கிறான். பழைய வழக்கப்படி அதில் தப்பே இல்லை.

(டிக்கன்ஸ் 1852இல் வெளியிடத் தொடங்கிய 'பிளீக் ஹவுஸ்' நாவலின் முதல் வாக்கியம் வெறும் ஊர்ப்பெயர்தான். "அவர் எழுதலாம், நான் எழுதக்கூடாதா?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தெரிந்தே உடைப்பது வேறு, தெரியாமல் உடைவது வேறு. தேர்வில் வேண்டாம்.)

சரி, அவன் ஏன் அதை முழு வாக்கியம் என்று நம்பினான்? இதில் நம் பங்கும் இருக்கிறது. 'பிகாஸ்' என்றால் 'ஏனென்றால்' என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். "ஏனென்றால் பலத்த மழை பெய்தது." தமிழில் இது தனியாகவே நிற்கும். 'பெய்தது' முற்று வினையாயிற்றே! அதையே "பலத்த மழை பெய்ததால்" என்று சொல்லிப் பாருங்கள். அங்கே யாராவது புள்ளி வைப்பார்களா? காது "அதனால என்ன?" என்று கேட்கும்.

முற்று, எச்சம் என்ற இந்தப் பகுப்பு தொல்காப்பியத்திலேயே உண்டு. சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்றுதான் பெயர். தமிழில் வினையின் வால் பகுதியே முடிந்ததா, தொங்குகிறதா என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் வினை முழுசாகவே நிற்கும். முன்னால் வரும் ஒரு சிறு சொல் அதைத் தொங்கவிடும். ஆகவே 'வென்' வந்தால் 'போது', 'இஃப்' வந்தால் 'வந்தால், போனால்', 'ஆல்தோ' வந்தால் 'வந்தாலும், போனாலும்' என்று எச்சமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தொங்கினால் பக்கத்து வாக்கியத்தோடு சேர்க்கவேண்டும்.

அந்த மாணவன் அப்படியே செய்தான். நடுவிலிருந்த புள்ளியை அடித்தான், 'பிகாஸ்' சின்ன எழுத்தானது, இரண்டும் ஒன்றாயின.

இன்னொரு கோடு மட்டும் மீதி இருந்தது: "மை ஃபாதர் எ லாரி டிரைவர்." இங்கே எச்சச் சோதனை உதவாது. "என் அப்பா லாரி ஓட்டுநர்" தமிழில் பெயர்ப் பயனிலை, முழு வாக்கியம். மலாயிலும் "பாபா சாயா குரு" என்றால் போதும். வீட்டு மொழி, நாட்டு மொழி இரண்டும் கேட்காத அந்த 'இஸ்'ஸை ஆங்கிலம் மட்டும் கேட்கிறது. "இதை மனப்பாடம்தான் பண்ணணுமா டீச்சர்?" என்றான். ஆமாம்ப்பா என்றேன்.