மணத்தக்காளிக்கு வந்த கெட்ட பெயர்

பிரெஞ்சில் மணத்தக்காளிக்கு 'மொரேல் நுவார்' என்று பெயர். கறுப்பு மொரேல் என்று பொருள். கொடிய விஷச் செடியான பெல்லடோனாவுக்கும் அங்கே பழைய பெயர்களில் ஒன்று 'வெறி மொரேல்'. ஆங்கிலத்திலும் அதே கதைதான்: ஒன்று 'பிளாக் நைட்ஷேட்', மற்றது 'டெட்லி நைட்ஷேட்'. நாம் கடைந்து சாப்பிடும் கீரையைக் கண்டு ஐரோப்பியர் பலர் பயப்படுவதற்கு இந்தப் பெயர் ஒற்றுமையும் ஒரு காரணம்.

குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ், உண்ணத்தக்க தோட்டச் செடியையும் பித்துப் பிடிக்க வைக்கும் செடியையும் 'ஸ்ட்ரிக்னோஸ்' என்ற ஒரே பெயரின் கீழ் எழுதி வைத்தார். 1753-ல் லின்னேயஸ் தம் நூலில் மணத்தக்காளியைச் 'சொலானம்' என்ற பேரினத்திலும், பெல்லடோனாவை 'அத்ரோபா' என்ற வேறு பேரினத்திலும் வைத்தார். அத்ரோபோஸ் என்பவள் உயிர்நூலை அறுக்கும் கிரேக்கத் தெய்வம். புத்தகத்தில் பிரிந்த பெயர், மக்கள் வாயில் பிரியவில்லை.

நம்மவர்கள் இந்தக் குடும்பத்துச் செடி ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தார்கள்: மணத்தக்காளி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி, ஊமத்தை. பெயரைச் சொன்னாலே எது குழம்புக்கு, எது விஷம் என்பது தெரிந்துவிடும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் போன ரெயூனியோன் தீவிலும் இந்தக் கீரை உண்டு. 'பிரேத் மொரேல்' என்ற பெயரில் இன்றும் சமைக்கிறார்கள்.

பிரான்சில் பிள்ளைகளோடு இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்காக அடையாளம் சொல்கிறேன். மணத்தக்காளி வரப்போரத்திலும் கிணற்றடியிலும் குப்பைமேட்டிலும் முளைக்கும். பூ சிறியது, வெள்ளை நட்சத்திரம், நடுவில் மஞ்சள். பட்டாணி அளவுக் காய்கள் கொத்தாகத் தொங்கும். பெல்லடோனா ஐரோப்பாவில் சுண்ணாம்பு மண் உள்ள காட்டோரங்களில் ஆளுயரம் வளரும். பூ மங்கிய ஊதா நிற மணி. கறுத்துப் பளபளக்கும் பழம் செர்ரி அளவில், ஐந்து இதழாய் விரிந்த புல்லியின் மேல் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். சில பழங்களே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. மணத்தக்காளியிலும் பச்சைக் காயை அப்படியே தின்னக் கூடாது.

அந்த விஷத்திலும் ஒரு நன்மை உண்டு. பெல்லடோனாவிலிருந்து பிரித்தெடுத்த அட்ரோபின்தான், பூச்சிமருந்து குடித்தவர்களைக் காப்பாற்ற நம் அரசு மருத்துவமனைகளில் போடும் ஊசி.

பேரன் பேத்தி காட்டோரத்தில் கறுப்புப் பழத்தைப் பறித்து நீட்டினால், கொத்தா ஒற்றையா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாயில் வைக்க விடாதீர்கள்.