தீராத கணக்கு: கொன்ற பின்னும் வாழ்ந்த கதைமாந்தர்

நாம் பரிவோடு நினைக்கும் கதைமாந்தர் சிலர் கொலை செய்தவர்கள். தசரதன், ஆதித்த கரிகாலன், மலாய்க் காவியத்தின் ஹங் துவா ஆகிய மூவரையும் எடுத்துக்கொள்வோம். மூவர் கையாலும் ஓர் உயிர் போயிருக்கிறது; மூவருக்காகவும் படிப்பவர் மனம் இளகுகிறது. அந்தக் கொலைகள் நியாயமானவை என்பதால் அன்று. செய்ததை மறக்க முடியாமல் அவர்கள் படும் பாடுதான் அவர்களை நம்மவர்களாக்குகிறது.

அந்த நினைவு எப்போது ஓய்கிறது, எப்போது ஓய்வதில்லை? தமிழும் மலாயும் அருகருகே புழங்கும் ஜொகூரில் வெளிவரும் மலர் ஒன்றில் கேட்கத் தகுந்த கேள்வி இது. இதற்கான விடை கொலை எவ்வளவு கொடியது என்பதைப் பொறுத்து அமைவதில்லை. எதன் பேரால் கொன்றான் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் துணிபு. தவறிக் கொன்றவன், பழிக்குக் கொன்றவன், ஆணைக்குக் கொன்றவன் என்று மூவரைப் பிரித்துப் பார்க்கலாம். முதல் இருவரின் கணக்கும் ஏதோ ஒரு விலை கொடுத்து முடிந்துவிடுகிறது. மூன்றாமவன் கணக்கு மட்டும் தலைமுறைகள் தாண்டியும் முடியாமல் நிற்கிறது.

தவறிக் கொன்றவர்

இராமனைப் பிரியும் துயரில் தசரதன் கோசலையிடம் ஒரு பழைய கதையைச் சொல்கிறான். வேட்டைக்குப் போன இடத்தில் குடத்தில் நீர் நிரம்பும் ஓசையை யானை நீர் பருகும் ஓசை என்று எண்ணி அம்பு தொடுத்தான். மாண்டவன் கண் தெரியாத பெற்றோருக்கு நீர் மொள்ள வந்த இளைஞன். 'நீயும் மகனைப் பிரிந்தே மாள்வாய்' என்று அந்தத் தந்தை சபித்தார். கம்பன் இங்கே ஒரு நுட்பம் வைக்கிறான். பிள்ளையில்லாத தசரதன் அந்தச் சாபத்தைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்துதான் ஊர் திரும்புகிறான். மகனைப் பிரிவான் என்றால் மகன் பிறப்பான் என்பது உறுதியாயிற்றே! கொலையின் தண்டனையே வரமாகவும் அமைந்து, அந்த வரமே அவன் உயிரைக் குடிக்கிறது. அவன் செத்தவுடன் கணக்கு நேராகிவிடுகிறது.

வரகுண பாண்டியன் கதையும் இந்த வகைதான். இரவில் திரும்பிய அவன் குதிரையின் காலில் மிதிபட்டு ஓர் அந்தணன் இறந்தான். அந்தணனைக் கொன்ற பாவம் பிரமகத்தியாகி அரசனைப் பற்றிக்கொண்டது. திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் அவன் நுழைந்தபோது அது உள்ளே வர முடியாமல் கிழக்கு வாயிலிலேயே காத்து நின்றது. அரசன் மேற்கு வாயில் வழியாக வெளியேறினான். வந்த வழியே திரும்பக் கூடாது என்னும் வழக்கம் அந்தத் தலத்தில் இன்றும் உண்டு. குற்ற உணர்வுக்கு ஓர் உருவம் கொடுத்து, அதை வாசலில் நிறுத்திவிட்டு, மனிதன் மறுவாசலால் தப்பவும் வழி செய்த கற்பனை இது. தவறிக் கொன்றவனுக்குத் தமிழ் மரபு மன்னிப்பின் கதவை மூடவில்லை.

பழிக்குக் கொன்றவர்

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. அதில் மிகவும் இரங்கத்தக்க மனிதன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். போரில் தோற்று, காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனைக் குடிசைக்குள் புகுந்து வெட்டினான். காலில் விழாத குறையாக உயிர்ப்பிச்சை கேட்ட, கரிகாலன் ஒருகாலத்தில் நேசித்த நந்தினியின் முகம் அதன் பிறகு அவனை விடவில்லை. பகையரசனைக் கொல்வது அந்தக் கால நெறிக்குப் புறம்பானது அன்று. பாண்டியன் தலை கொண்ட புகழைச் சோழர் செப்பேடும் பாடுகிறது. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பெருமையாக நின்ற ஒன்றைக் நாவலாசிரியர் கல்கி ஓர் இளவரசனின் தூக்கத்தைக் கெடுக்கும் நினைவாக மாற்றினார். கடம்பூர் மாளிகைக்குப் போகாதே என்று எத்தனையோ பேர் தடுத்தும் அவன் போகிறான். சாவைத் தேடிப் போவதுபோலவே போகிறான். வீரபாண்டியனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகள் அங்கே காத்திருக்கிறார்கள். பழி பழியால் முடிகிறது.

பூமணியின் 'வெக்கை' (1982) இதே கணக்கைக் கரிசல் மண்ணில் போடுகிறது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்த சிறுவன் சிதம்பரம், அவன் உயிரையே எடுத்துவிட்டுக் காடுகாடாக ஓடுகிறான். நாவலைத் தழுவிய 'அசுரன்' (2019) படம் தகப்பன் சிவசாமிக்கு நெருப்பும் இரத்தமும் நிறைந்த ஓர் இறந்தகாலத்தைக் கொடுத்தது. மகன் முன் அடங்கி ஒடுங்கி நிற்கும் அந்த மனிதன் ஒருகாலத்தில் வெட்டியவன் என்று தெரியும்போதுதான் அவன் பணிவின் பொருள் நமக்கு விளங்குகிறது.

ஜொகூருக்கும் சொந்தமாக ஒரு பழிக்கதை இருக்கிறது. 1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூட், தொழுகைக்குச் சுமந்து செல்லப்படும்போது கொல்லப்பட்டார். கொன்றவன் மெகாட் ஸ்ரீ ராமா என்னும் தளபதி. அவன் கடற்கொள்ளையரை ஒடுக்கப் போயிருந்த சமயம், கருவுற்றிருந்த மனைவி டாங் அனோம் அரண்மனைப் பலாப்பழத்தில் ஒரு சுளையைத் தின்றாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆசை என்று அவள் சொன்னது உண்மையா என்று பார்க்க அவள் வயிற்றையே கிழிக்கச் சொன்னார் சுல்தான் என்பது மக்கள் வழங்கும் கதை. சாகும்போது அவர் எறிந்த கெரிஸ் என்னும் குத்துவாள் மெகாட்டின் காலில் பாய்ந்தது, அவனும் மாண்டான். நினைத்து வருந்த அவனுக்கு வாழ்நாள் கிடைக்கவில்லை. எனவே நினைவு அவன் சந்ததிக்குப் போயிற்று. பிந்தான் தளபதி எனப்பட்ட மெகாட்டின் வழிவந்தவர் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கியில் கால் வைத்தால் இரத்தம் கக்குவர் என்னும் நம்பிக்கை வெகுகாலம் நிலவியது. ஆனால் அதற்கும் ஏழு என்று ஓர் எல்லை இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

ஆணைக்குக் கொன்றவன்

இனி, மலாக்கா சுல்தானின் தளபதி ஹங் துவா. ஜொகூரின் பெண்டஹாரா (முதலமைச்சர்) துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு 1612ஐ ஒட்டி வழங்கும் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் அவன் கொல்வது நண்பன் ஹங் கஸ்தூரியை. சண்டையில் துவாவின் கெரிஸ் சுவரில் சிக்கியபோது, அதைப் பிடுங்கிக்கொள்ளக் கஸ்தூரி இடம் கொடுக்கிறான். கஸ்தூரியின் கெரிஸ் சிக்கியபோது துவா பின்னாலிருந்து குத்திவிடுகிறான். இது ஆண்மையா என்று கேட்கிறான் விழுந்தவன். துரோகிக்கு எதற்கு நேர்மை என்பது துவாவின் பதில்.

பின்னர் உருவான 'ஹிக்காயாட் ஹங் துவா' 1641இல் மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போனது வரைக்கும் சொல்கிறது. ஜொகூர் அரசவைச் சூழலோடு அறிஞர்கள் அதை இணைப்பர். அதில் கஸ்தூரியின் இடத்தில் ஹங் ஜெபாட் நிற்கிறான், துயரமும் பன்மடங்காகிறது. பொய்ப்பழியால் துவாவைக் கொல்லச் சொல்கிறார் சுல்தான். பெண்டஹாரா அவனை ஒளித்துவைக்கிறார். நண்பன் செத்தான் என்று நம்பிய ஜெபாட் அவனுக்காகவே அரசரை எதிர்த்து எழுகிறான். ஒளிவிடத்திலிருந்து மீண்ட துவா, தனக்காகக் கலகம் செய்தவனைத் தன்னைக் கொல்லச் சொன்னவருக்காகக் கொல்கிறான். காயத்தோடு ஊருக்குள் வெறிபிடித்துப் பலரைச் சாய்த்த ஜெபாட், கடைசியில் துவாவின் மடியிலேயே உயிர்விடுகிறான்.

இங்கே கணக்கை முடிக்க வழி ஏதும் இல்லை. தவறிக் கொன்றவனுக்குச் சாபம் கிடைத்தது. பழிக்குக் கொன்றவனைத் தேடி எதிர்ப்பழி வந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) நாயகன் ரஸ்கோல்னிகவுக்குக்கூட ஒப்புக்கொள்ள ஒரு காவல் நிலையமும் கழிக்க ஒரு சைபீரியச் சிறையும் கிடைத்தன. ஆணைக்குக் கொன்றவனோ யாரிடம் போய் ஒப்புக்கொள்வான்? குற்றத்தை விசாரிக்க வேண்டிய சிம்மாசனம் அவனுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறதே!

மறுவிசாரணை

மூலக் காவியத்தின் துவா குற்ற உணர்வால் குமையவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. விசுவாசத்தின் உச்சமாகவே பழைய நூல் அவனைக் காட்டுகிறது. ஆனால் கஸ்தூரியின் கேள்வியை நூலாசிரியர் விட்டுவைத்தார். ஜெபாட்டின் தலையைத் துவாவின் மடியிலேயே வைத்தார். துவா படாத வேதனையைப் பின்வந்தவர்கள் பட வேண்டிய கட்டாயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்த வேதனை வெடித்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். 1956இல் வெளிவந்த 'ஹங் துவா' படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பாணி மஜும்தார். பி. ரம்லி நடித்த துவா, இறுதியில் செய்தது சரியா என்று தன்னையே கேட்டுக்கொண்டு நிற்கிறான். அதே பத்தாண்டில் மாணவராக இருந்த காசிம் அகமட் தம் ஆய்வேட்டில் ஜெபாட்டே உண்மை நாயகன் என்று வாதிட்டுப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். 1961இல் உஸ்மான் அவாங் ஜெபாட்டின் சாவை நாடகமாக்கி, அதற்கு ஒரு வீரனின் மரணம் என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்.

உஸ்மான் அவாங் 1929இல் பிறந்தது கோத்தா திங்கி மாவட்டத்துக் குவாலா செடிலியில். பின்னாளில் நாட்டின் இலக்கிய விருதாளரான அவர், இளமையில் காவல் துறையில் பணியாற்றியவர். ஆணையின் பேரில் ஆயுதம் ஏந்துவது என்ன செய்யும் என்பது அவருக்கு ஏட்டுச் செய்தி அன்று. மலாயாவின் அவசரகாலத்தில் காவலராக இருக்கும் ஓர் இளைஞனின் மனச்சலனத்தை அவர் நாவலாகவும் எழுதினார். 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலமும் 1957இன் விடுதலையும் ஒரு தலைமுறையை அந்தப் பழைய கேள்வியின் முன் நிறுத்தின: ஆள்பவர் சொன்னார் என்பது கொன்ற கைக்குப் போதுமான விடையா? மூன்று நூற்றாண்டுக்கு மேல் பழைய கதை அன்றைய செய்தியானது இதனால்தான்.

தமிழ்ப் பக்கம் திரும்பினால், மலேசியத் தமிழ்ப் புனைவு சயாம் மரண ரயிலையும் தோட்டத்து அடக்குமுறையையும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று எழுதியிருக்கிறது. அது செய்ய வேண்டிய பணி, செய்தும் இருக்கிறது. எனினும் எந்தச் சமூகமும் அடிபட்டவர்களை மட்டுமே கொண்டதில்லை. பிரம்பைப் பிடித்தவர், துப்பாக்கியைச் சுமந்தவர், மேலிடத்துச் சொல்லுக்கு விசையை அழுத்தியவர் ஆகியோரும் நம் குடும்பங்களில் இருந்திருப்பார்கள். அவர்கள் மனத்துக்குள் நுழைந்து எழுதுவது அவர்களை விடுதலை செய்வதாகாது. பரிவு வேறு, தீர்ப்பு வேறு. கல்கி கரிகாலனை நேசித்தார். அவன் வெட்டியதை நியாயப்படுத்தவில்லை. கொன்றவனைப் பேயாக்கிவிட்டால் நமக்கு அவனிடம் உறவில்லை என்று தப்பிக்கலாம். மனிதனாக்கினால் அந்தச் சூழலில் நாம் என்ன செய்திருப்போம் என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்வியை எழுப்பும் நாவல் ஜொகூர்த் தமிழில் எழுதப்பட வேண்டும். துவாவும் கரிகாலனும் ஒரே அலமாரியில் இருக்கும் எழுத்தாளருக்குத்தான் அதை எழுதும் தகுதியும் கடமையும் இருக்கின்றன.