கிணறுகளை எண்ணியவர்கள்

என் சொந்த ஊர் திருவட்டாறு. ஆறு வட்டமிட்டுச் சூழ்ந்து செல்வதால் இப்பெயர் வந்தது என்பர்; நம்மாழ்வார் பாசுரத்தில் அது வாட்டாறு என வழங்கப்பெறுகிறது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் கொண்டுள்ள ஊரைக் கோதையாறும் பறளியாறும் தழுவி ஓடி, மூவாற்றுமுகத்தில் ஒன்று கூடி, குழித்துறை வழியே சென்று தேங்காப்பட்டணத்தில் கடலை அடைகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் எங்களுக்கு உண்டு. 1906-ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டதும் கோதையாற்று நீர் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உறுதியான பாசனம் ஆயிற்று. இளமையில் படித்துறையில் இறங்கி, இரு கைகளாலும் அள்ளிப் பருகிய அந்த நீரை எவரேனும் காவல் காக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த நினைப்பு எனக்கு முதன்முதலாக உண்டானது வெளியூர் ஒன்றில். காட்பாடியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். நீண்டதொரு பாலத்தின்மீது வண்டி சென்றது. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். அருகிலிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, இது என்ன இடம்?" என்று கேட்டேன். "பாலாறு, தம்பி" என்றார். "தண்ணீரைக் காணோமே!" என்றேன். "எங்கள் ஆறு கீழே ஓடும், தோண்டினால்தான் தெரியும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் கூற்று வேடிக்கைப் பேச்சன்று. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர எல்லையைக் கடந்து, வட ஆர்க்காட்டுச் சமவெளியில் நுழையும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். ஆயினும் அதன் மணற்படுகை நீரை உறிஞ்சித் தேக்கி வைத்திருக்கும். ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொண்டுபோவது அந்நாட்டு உழவர்களின் பழைய வழக்கம். கரையோரக் கிணறுகள் எல்லாம் அந்த மணலிலிருந்தே ஊறின. ஆகவே, அங்கே ஆறு கெட்டது என்றால் கிணறும் கெட்டது என்றே பொருள்.

ஆறு எவ்வாறு கெட்டது? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவருவது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோலைப் பதப்படுத்தினர். பிற்காலத்தில் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பு வந்தது. வேலை விரைவாக முடிந்தது. அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியும் பெருகியது. கெட்டுப்போகாமலிருக்கப் பச்சைத்தோலில் தடவிய சோற்றுப்பு, மயிர் களையும் சுண்ணாம்பு, அவற்றோடு குரோமியம் ஆகிய யாவும் கழுநீரோடு கலந்து சாலையோரத்திலும் வயலிலும் ஓடையிலும் விடப்பட்டன. ஒரு கிலோ தோல் உருவாவதற்கு 35 லிட்டர் நீர் வேண்டும் என்பது ஒரு கணக்கு. நீரில் ஒருமுறை கரைந்துவிட்ட உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பினால் மீட்க இயலாது. மணலுக்கு நல்ல நீரென்றும் கழிவு நீரென்றும் பேதம் ஏது? இரண்டையும் ஒருங்கே உறிஞ்சிக்கொண்டது.

உழவர் முறையிட்டனர். அரசாங்கமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆலைக்காரர்களிடம் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்படி எடுத்துரைத்து வந்தன; மானியமும் தருவதாகக் கூறின. பயன் பெரிதாக இல்லை. அந்நிலையில்தான், 1991-ஆம் ஆண்டில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. புகழ்பெற்ற வழக்கறிஞர் எம். சி. மேத்தா அவ்வழக்கில் துணை நின்றார்.

இவ்வழக்கின் தீர்ப்பைப் படித்தபோது என் உள்ளத்தைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தி. மனு வேலூரைக் குறித்து எழுந்ததேனும், வழக்கு வளர வளரத் தோல் தொழில் நடந்த மற்ற மாவட்டங்களும் அதனுள் வந்தன. ஐந்து மாவட்டங்களில் 900-க்கு மேற்பட்ட ஆலைகள். திண்டுக்கல் வட்டாரத்தில், அரசாங்கத்தைச் சாராத தொண்டு நிறுவனம் ஒன்று 13 கிராமங்களில் ஆய்வு நடத்திற்று. குடிப்பதற்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றுள் கெட்டுப்போனவை 350. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடக்கின்றனர் என்பதும் தெரியவந்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையமோ, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது எனக் கண்டது. ஊர் ஊராகச் சென்று கிணறுகளை எண்ணுவதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை, பொறுமை வேண்டும். "எங்கள் தண்ணீர் உப்புக் கரிக்கிறது" என்னும் முறையீட்டைப் பலர் பல்லாண்டுகள் கேட்டும் கேளாதிருந்தனர். 467-இல் 350 என்னும் எண்ணை அவ்வாறு தள்ளிவிட முடியவில்லை.

1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், பைசானுதீன், கே. வெங்கடசாமி ஆகியோர். தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதையும் வேலைவாய்ப்பு அளிப்பதையும் அவர்கள் மறுக்கவில்லை. அதன் பொருட்டு மக்களின் நலத்தை அழிக்க எத்தொழிலுக்கும் உரிமை இல்லை என்றனர். 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய உலக நாடுகள் ஏற்ற இரு கொள்கைகள் இந்தியச் சட்டத்தின் பகுதியே என அவர்கள் உரைத்தனர். ஒன்று முன்னெச்சரிக்கைக் கொள்கை: கேடு விளையும் என்று முற்றும் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் அதனைத் தடுத்தல். மற்றொன்று, கெடுத்தவரே ஈடு செய்தல். கேடில்லை என்று காட்டும் பொறுப்பும் தொழில் நடத்துவோரையே சாரும். அதற்கு முன், தண்ணீர் கெட்டதை உழவன் அல்லவா மெய்ப்பிக்க வேண்டியிருந்தது! ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம். சுத்திகரிப்பு ஏற்பாடு இன்றி இயங்கத் தடை. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே சென்னை உயர் நீதிமன்றத்தில் 'பசுமை அமர்வு'. இவையெல்லாம் அத்தீர்ப்பின் ஆணைகள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஆலைகளுக்குள் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களும் அதே கிணற்று நீரைக் குடித்த ஏழைகளே. ஆலை மூடினால் கூலி போகும். மூடாவிட்டால் தண்ணீர் போகும். இந்த இக்கட்டை எண்ணாமல் இவ்வரலாற்றைக் கூறுவது நேர்மையாகாது என்பது என் கருத்து.

தீர்ப்பினால் எல்லாம் நேராகிவிட்டதா? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல எழுந்தன. இழப்பீட்டு ஆணையம் 2001-ஆம் ஆண்டில் 29,000-க்கு மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் தரவேண்டும் எனக் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தேன், தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அதிலும் பலருக்கு முழுத்தொகை சென்று சேரவில்லை. ஆற்றில் கழிவு கலப்பதும் நிற்கவில்லை. சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் 'வேலூர் வழக்கு' என்று இதனை மனப்பாடம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், வேலூர்ப் பக்கத்து உழவர்கள் மீண்டும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தனர்.

2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், நிலுவையிலுள்ள இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசாங்கம் வழங்கி, அதனைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றனர். பாலாற்றின் நிலையை ஆராய்ந்து மீட்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவொன்று அமைக்கவும் ஆணையிட்டனர். 1991-இல் மனுப் போட்ட நாளிலிருந்து இதற்குள் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் மூவாற்றுமுகத்துக்குச் சென்று சிறிது நேரம் நிற்பதுண்டு. மழைக்காலத்தில் இரண்டு ஆற்று நீரும் நிறம் மாறிக் கலப்பதைக் காணலாம். சென்ற முறை உடன் வந்திருந்த என் தங்கை மகன், "மாமா, நம் ஊரில் எத்தனை கிணறு இருக்கும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. மறுநாட் காலை இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம்.