போல்ட் எங்கே போடுவது?

சீட் பெல்ட் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் நில்ஸ் போலினில்தான் தொடங்குவார்கள். 1959, வால்வோ கம்பெனி, மூன்று முனை பெல்ட், அதன் காப்புரிமையை மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்ட பெருந்தன்மை. எல்லாம் சரி. ஆனால் நான் பிட்டர். கோயமுத்தூரில் ரேஸ் கார்களுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவன். பெல்ட்டைக் கண்டால் என் கண் பட்டைமேல் நிற்காது. அதை எதில் பூட்டியிருக்கிறார்கள் என்று தேடும். போலினின் மூன்றாவது முனை கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தூணே இல்லாத காரில்?

அப்படி ஒரு காரைத்தான் காலின் சாப்மன் 1957-இல் இங்கிலாந்தில் கொண்டுவந்தார். லோட்டஸ் செவன். கூரை கிடையாது, கதவென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு. எடை 500 கிலோவுக்கும் கீழே. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டால் கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு கதை உண்டு. வரிக்காரரைச் சுற்றிப்போகும் வித்தை நமக்கு மட்டுமே தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்! 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை ஒழிந்தது. அதே வருஷம் செவன் காரின் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. வீட்டில் கார் கட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சாப்மனுக்கு எடைதான் எதிரி. ஒரு குழாய் ஒரே வேலை பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. அப்படி இழைத்து இழைத்துச் செய்த கூட்டில், ஓட்டுகிறவனின் முழுப் பாரத்தையும் தாங்க ஒரு இடம் தேடினால் எங்கே கிடைக்கும்? பெல்ட்டை மாட்டுவதற்கென்று யாரும் அதில் குழாய் வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று அப்போது கேட்பாரும் அதிகமில்லை.

கட்டிவைத்தால் உடம்பு தாங்கும் என்று அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 1954 டிசம்பர் 10 அன்று, அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் போனார். வண்டி 1.4 விநாடியில் நின்றது. தன் எடையைப்போல் 46 மடங்கு அழுத்தம் பட்டும் மனிதர் பிழைத்தார். அப்படியும் ஐரோப்பிய ரேஸ் ஓட்டிகள் பெல்ட்டை நம்பவில்லை. தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம், தூக்கி எறியப்பட்டால் தப்பிப்போம் என்பது அவர்கள் கணக்கு. 1966-இல் ஸ்பா பந்தயத் தடத்தில், மழையில், ரேஸ் ஓட்டி ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் சறுக்கி நொறுங்கியபோது அந்தக் கணக்கு பிசகியது. பெல்ட் இல்லாமலேயே 25 நிமிஷம் மாட்டிக்கொண்டு பெட்ரோலில் ஊறிக் கிடந்தார். ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்ற வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் கடன் வாங்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு ஸ்பானரை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிவைத்துக்கொண்டு ஓட்டினார் ஸ்டூவர்ட்.

என்னை அதிகம் உலுக்குவது யோகன் ரிண்ட்டின் சாவு. 1970 செப்டம்பர் 5, மோன்ஸா, பந்தயத்துக்கு முந்தைய நாள் ஓட்டம். அவர் ஓட்டியதும் சாப்மனின் கார்தான், லோட்டஸ் 72. பெல்ட் போட்டிருந்தார். காலிடைப் பட்டையை மட்டும் மாட்டவில்லை, தீயென்றால் சட்டென்று வெளியே குதிக்க வேண்டுமே என்று. கார் தடுப்பில் மோதியதும் உடம்பு கீழே வழுக்கிப்போய், பெல்ட்டே கழுத்தை அறுத்துவிட்டது. அந்த வருஷ உலகச் சாம்பியன் பட்டம் இறந்த பிறகுதான் அவருக்குக் கிடைத்தது. 1972-இல் ஃபார்முலா ஒன்னில் ஆறு முனை பெல்ட் கட்டாயமானது.

பெல்ட் இருந்தும் எப்படி வழுக்கினார்? இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் முகட்டுக்குக் கீழே, தொடை மடியும் இடத்தில் படிந்து உட்கார வேண்டும். மோதும்போது உடம்பு முன்னால் பாயும். தோள்மேல் வரும் பட்டைகள் இறுகி நடுப் பூட்டை மேலே இழுக்கும். பூட்டோடு இடுப்புப் பட்டையும் வயிற்றுக்கு ஏறும். வயிற்றில் எலும்பு இல்லை. அடியில் வழி கிடைத்த உடம்பு கால் பக்கமாக நழுவிவிடும். அந்தப் பூட்டைக் கீழே பிடித்துவைப்பதுதான் காலிடைப் பட்டையின் வேலை. அதற்கும் ஒரு போல்ட், அதற்கும் சீட்டில் ஒரு துளை வேண்டும்.

1996-இல் ரான் சாம்பியன் 250 பவுண்டில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டிக்கொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டார். செவன் பாணியில் கார்கள் ஊருக்கு ஊர் கொட்டகைகளில் முளைத்தன. அவற்றின் கூடு ஒரு அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ், அதாவது சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர். பெல்ட் போல்ட் என்பது பெரும்பாலும் 7/16 அங்குலம், யுஎன்எஃப் வகை மரை. 1.6 மில்லி சுவரில் மரை எடுத்தால் ஒரு சுற்றுக்குச் சற்று மேல் பிடிக்கும், அவ்வளவுதான். துளைபோட்டு நட்டை முறுக்கினாலோ குழாய் சப்பையாகிவிடும். குழாயின் இரண்டு பக்கமும் துளைத்து, லேத்தில் கடைந்த கெட்டிப் புஷ்ஷைக் குறுக்கே செருகி, இரண்டு முகத்திலும் சுற்றிலும் பற்றவைத்து, பிறகு போல்ட் போட வேண்டும். போல்ட்டையே குழாயில் பற்றவைக்கிறவர்களும் உண்டு. ஹைடென்சில் போல்ட் அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும்; பார்வைக்கு மட்டும் பலமாக இருக்கும்.

வெறும் தகட்டில்தான் பூட்டியாக வேண்டும் என்றால், பின்னால் 3 மில்லி கனத்தில், குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இரும்புத் தகடு கொடுக்கச் சொல்கிறது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதி. ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய ஒன்றரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும், காலிடைப் பட்டைக்கு அதில் பாதி. ஒன்றரை டன் என்றால் மூன்று செவன் கார்களை ஒரே போல்ட்டில் தொங்கவிடுகிற பாரம்.

தோள்பட்டைதான் கடைசி வரை தலைவலி. அது தோளிலிருந்து கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் பின்னால் போக வேண்டும். 45 டிகிரிக்கு மேல் கீழே சரியக்கூடாது. செவனில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குக் குழாய் தோளைவிடத் தாழ்வு. அங்கே பூட்டினால், மோதும்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். அதனால்தான் உருண்டால் தலையைக் காக்க வைத்த வளைவுக் குழாயிலேயே தோள் உயரத்தில் இன்னொரு குறுக்குக் குழாய் சேர்த்தார்கள். சாப்மன் மிச்சம் பிடித்த எடையில் கொஞ்சம் திரும்ப ஏறியது. ஏறட்டுமே.

பிரிட்டனில் 1965-இலேயே புதுக் கார்களின் முன்சீட்டுக்குப் பெல்ட் முனைகள் கட்டாயம். வீட்டில் கட்டிய காரைப் பதிவுக்கு முன் தனியாக நிறுத்திச் சோதிக்கும் முறையோ 1998-இல்தான் வந்தது. 2009-இல் அது இன்னும் இறுகியது.

எங்கள் ஊரில் கரிவர்தன் மாருதி என்ஜின் வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய நாளிலிருந்து பெல்ட்டை எதில் பூட்டுவது என்ற இந்தப் பேச்சு பட்டறைகளில் உண்டு. இப்போது சாதாரண ரோட்டுக் காரைக் கொண்டுவரும் பையன்களும் ஆறு முனை பெல்ட்டைப் பெட்டியோடு நீட்டுகிறார்கள். “அண்ணா, பின்சீட் பெல்ட் போல்ட்டுலயே தோள்பட்டையப் பூட்டிரலாமுங்களே?” அந்த போல்ட் தரையோரம் இருக்கிறது; பட்டை அங்கே போனால் அதிகமாகக் கீழே சரியும். “குறுக்க ஒரு பைப் போடோணும் தம்பி” என்றால் எவ்வளவு ஆகும் என்பார்கள். சொன்னதும் சிலர் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.